வால்டெமாரின் சொடுக்கு அரசு முறைப்படி குணமானது

வால்டெமார் பெந்தாங்கோருக்குச் சின்ன வயதிலிருந்தே சொடுக்கு உண்டு. இடது கண் இரண்டு தரம் மூடித் திறக்கும். உடனே இடது தோள் காதை நோக்கி ஓர் எம்பு எம்பும். கடைசியாகத் தொண்டைக்குள் 'க்ம்' என்று ஒரு சத்தம். மருத்துவர்கள் இதை டிக் என்பார்கள். மொண்டேவீடியோவின் கடலோரச் சாலையில் இருந்த அந்தச் சூதாட்ட விடுதியில் வேலை பார்த்த நாங்கள் சொடுக்கு என்போம். அதுவும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்டால்தான். மற்றபடி அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

அவன் இரண்டாம் ரூலெட் மேசையில் பந்து விடுவான். நான் மூன்றாம் மேசை. சக்கரத்தைச் சுழற்றிப் பந்தை விடும்போது அவனுக்குச் சொடுக்கு வராது. கைக்கு வேலை இருந்தால் உடம்பு மற்றதை மறந்துவிடும். எந்த எண்ணில் கட்டலாம் என்று ஆட்கள் யோசித்துக்கொண்டு நிற்கும் சும்மா நேரத்தில்தான் வரும்.

எங்கள் ஊரில் குளிர்காலமான ஒரு ஜூன் மாதத்தில், தெற்குக் காற்று எலும்பைத் துளைத்த நாளில், துராஸ்னோ ஊரிலிருந்து ஒரு கம்பளி வியாபாரி வந்து அந்த மேசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த நேரம் முழுக்கத் தோற்றார். எதிரில் பச்சைத் தொப்பி போட்ட ஒரு கிழவி ஜெயித்துக்கொண்டே இருந்தாள். வியாபாரி எழுந்து புகார் கொடுத்தார். மேசைக்காரன் கிழவிக்குக் கண்ணடிக்கிறான், தோளைக் குலுக்குகிறான், தொண்டையைச் செருமுகிறான், இதெல்லாம் சங்கேதம் என்றார். கண் என்றால் பத்து, தோள் என்றால் ஐந்து, செருமல் என்றால் இரண்டு, கூட்டினால் பதினேழு, கிழவி கட்டியதும் பதினேழு என்று அவரே அதை விளக்கியும் காட்டினார். கண் இரண்டு தரம் மூடுகிறதே, அப்படியானால் இருபத்தேழு வருமே என்று யாரோ கேட்டதற்கு, இரண்டாவது சிமிட்டல் ஏமாற்றுவதற்காக என்றார்.

எங்கள் மேலாளர் போம்போ, வால்டெமாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சாட்சிக்காக என்னையும் நிற்கச் சொன்னார்.

"உனக்கு இது வியாதின்னு எனக்குத் தெரியும் வால்டெமார். எனக்குத் தெரியும்னு உனக்கும் தெரியும்," என்றார். "ஆனா எனக்குத் தெரிஞ்சது எதுவும் இந்த விடுதிக்குத் தெரிஞ்சதா ஆகாது. நான் இங்க மேலாளர், அவ்வளவுதான்."

இந்த அசைவு அவன் விருப்பத்தால் வருவதல்ல என்று, அசைவுக்கும் நடத்தைக்குமான தேசிய ஆய்வு நிலையம் ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதுவரை வால்டெமார் வாசலில் கோட்டு வாங்கி மாட்டும் இடத்தில் நிற்கலாம். இரண்டாம் மேசைக்கு என்னைப் போட்டார்கள். நல்ல வெளிச்சமான மேசை அது.

அந்த நிலையம் பிராடோ பகுதியில் ஒரு பழைய மாளிகையில் இருந்தது. கீழ்மாடியில் நடத்தைத் துறை. மேல்மாடியில் மூளைத் துறை. நடுவில் அகலமான பளிங்குப் படிக்கட்டு. படிக்கட்டின் பாதியில் ஓர் இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். சொடுக்கு என்பது மூளையில் தொடங்கி நடத்தையில் முடிகிறதா, நடத்தையில் தொடங்கி மூளையில் படிந்துவிடுகிறதா என்று இரு துறைகளுக்கும் ஒரு தகராறு. அது தீரும்வரை என்று சொல்லிப் பூட்டியதாம். பூட்டில் துரு ஏறியிருந்தது. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போக வேண்டியவர்கள் வெளியே வந்து, தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கச் சமையலறைப் படி வழியாக ஏற வேண்டும். முதல் நாள் எனக்கு விடுமுறையாக இருந்ததால் நானும் போனேன். மழை. குடை பிடித்துக்கொண்டு இருவரும் மேலே ஏறினோம்.

மூளைத் துறைக்குத் தலைவர் டாக்டர் எச்செகராய். உயரமானவர். பேசும்போது நம்மைப் பார்க்க மாட்டார், மேசை மேலிருக்கும் பிளாஸ்டிக் மூளையைப் பார்ப்பார். வால்டெமாரை ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைத்து, தலையைப் பட்டையால் கட்டி, அசையக் கூடாது என்று சொன்னார்கள். உள்ளே சம்மட்டி அடிப்பது போன்ற சத்தம். வால்டெமார் அசையவில்லை. சொடுக்கு வரப் பார்த்ததாம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

படங்களைப் பார்த்து எச்செகராய் திருப்தியடைந்தார்.

"அசைஞ்சா படம் கலங்கிடும். அசையலைன்னா சுத்தமா வரும்," என்றார் பிளாஸ்டிக் மூளையிடம். "எங்க துறை இத்தனை வருஷமா உழைக்கிறதே அசையாத படத்துக்காகத்தான். எங்ககிட்ட இருக்கிறதுலயே ரொம்ப நல்ல படங்கள்ல யாருக்குமே எந்த வியாதியும் இல்லை."

சான்றிதழ் கிடைக்குமா என்று வால்டெமார் கேட்டான். அவனுடைய மூளையில் விருப்பம் எதுவும் தென்படவில்லை என்றார் எச்செகராய். விருப்பமின்மையும் தென்படவில்லை. ஆகவே கீழ்மாடிக்கும் போய் வர வேண்டும். சான்றிதழில் இரண்டு துறையும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

கீழ்மாடியில் டாக்டர் இருலெகி அம்மையார். சிரித்த முகம். யாரைப் பார்த்தாலும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லப் போகிறவர் போலவே வருவார். வால்டெமாரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே கேமரா. பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் மாணவர்கள் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இருப்பது அவனுக்குத் தெரியக் கூடாது என்பதால், அங்கே யாரும் இல்லை என்று உள்ளே வந்த ஒவ்வொருவரும் அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். இயல்பாக இருக்கச் சொன்னார்கள்.

சொடுக்கு வரவில்லை. யாராவது உற்றுப் பார்த்தால் அது எப்போதுமே ஒளிந்துகொள்ளும். சுவரில் ஒரு குழாய் இருந்தது. கொஞ்ச நேரம் சொடுக்கு வராமல் இருந்தால் அதிலிருந்து ஒரு சாக்லேட் விழும். வால்டெமார் ஒரு பை நிறையச் சாக்லேட்டோடு வீட்டுக்குப் போனான். போகும் வழியில், பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பக்கத்தில் மாத்தே என்னும் இலைத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்த ஆள் தன் வெந்நீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் இதைச் சொன்னபோது இருலெகி சிரித்தபடியே தலையாட்டினார். அடக்கிய பிறகு சொடுக்கு அதிகமாக வருவதில்லை என்று சமீபத்திய ஆய்வுகள் சொல்கின்றன. பேருந்தில் வந்தது வால்டெமாரின் சொந்த விஷயம். நிலையத்துக்குத் தெரிந்தவரை அவனால் அடக்க முடிகிறது. அடக்க முடிகிற ஒன்றை விருப்பமில்லாமல் வருவது என்று எப்படி எழுதுவது என்று வருத்தத்தோடு கேட்டார்.

வால்டெமாரின் மனைவி நெலிடா ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். வாய் கொஞ்சம் கூர்மை. இதைக் கேட்டதும், "மூத்திரத்தைக்கூடத்தான் மனுஷன் வீடு வர்ற வரைக்கும் அடக்குறான். அதுக்காக ஆசைப்பட்டா போறான்? போய்ச் சொல்லு அந்த அம்மாகிட்ட," என்றாள்.

வால்டெமார் போய் அப்படியே சொன்னான். இருலெகி கவனமாகக் கேட்டு எழுதிக்கொண்டு, அவனைச் சிறுநீரகப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். சிறுநீரகம் நன்றாக இருப்பதாக அங்கே சொன்னார்கள்.

அதன் பிறகு கீழ்மாடியில் பயிற்சி ஆரம்பித்தது. சொடுக்கு வரும்போல் இருந்தால் தோளைக் கீழே இறக்கி, கையை விலாவோடு சேர்த்து, மூச்சை மெதுவாக விட வேண்டும். இதனால் சிலருக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது என்று பின்னால் கேள்விப்பட்டேன். வால்டெமாருக்கும் கிடைத்திருக்கலாம். ஆனால் மேல்மாடியில், சொடுக்கை அடக்கினால் மூளையில் அடக்குவதுதான் தெரியும், சொடுக்கு தெரியாது, ஆகவே அடக்கக் கூடாது என்று எச்செகராய் உத்தரவு போட்டார். எனவே வால்டெமார் புதன்கிழமைகளில் காலையில் கீழே அடக்கினான், மதியம் மேலே அடக்காமல் இருந்தான். நடுவில் தோட்டத்தைச் சுற்றிவரும்போது ஓர் எலுமிச்சை மரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்பான். அங்கே அவன் இஷ்டம்.

இப்படியே குளிர்காலம் போனது. அவன் கோட்டு மாட்டினான். எண் வில்லை கொடுத்தான். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எப்போது மேசைக்குத் திரும்பி வருவான் என்று ஆட்கள் என்னிடம் கேட்டார்கள். பிறகு கேட்கவில்லை.

வசந்தம் வந்ததும் சொடுக்கு நின்றுவிட்டது. அதுவும் அவனுக்குப் பழக்கம்தான். சில மாதங்கள் வரும், சில மாதங்கள் இருந்த இடம் தெரியாது. இம்முறை அது போன நேரம்தான் சரியில்லை. அக்டோபரில் நிலையம் ஒரு பெரிய மாநாடு வைத்திருந்தது. நதிக்கு அக்கரையில் இருக்கும் நாட்டிலிருந்தும், சாந்தியாகோவிலிருந்தும், அசுன்சியோனிலிருந்தும் அறிஞர்கள் வந்திருந்தார்கள். இரு துறைகளும் சேர்ந்து காட்ட ஒப்புக்கொண்ட ஒரே பொருள் வால்டெமார். அவனை மேடையில் உட்கார வைத்து விளக்கைப் போட்டார்கள்.

ஒன்றும் வரவில்லை. அரங்கம் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். பிறகுதான் அது பார்வையாளர் ஒருவரின் இருமல் என்று தெரிந்து, எழுதியதை அடித்துவிட்டார்கள். எச்செகராய் அவன் காதருகே குனிந்து, "பெந்தாங்கோர், இது நாட்டோட மானம்," என்றார்.

வால்டெமார் நாட்டைப் பற்றி யோசித்தானா என்று எனக்குத் தெரியாது. விளக்கு கண்ணில் அடித்தது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றியது என்றுதான் என்னிடம் சொன்னான். அவனாகவே இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டி, தோளைத் தூக்கி, 'க்ம்' என்றான். கைதட்டினார்கள். இன்னொரு தரம் செய்தான்.

விருப்பம் துளியும் கலக்காத அசைவு என்றால் இதுதான், இவ்வளவு தெளிவாகத் தான் பார்த்ததே இல்லை என்று இருலெகி ஒலிபெருக்கியில் சொன்னார். இதில் மூளைச் சுற்று முழுவதும் அப்படியே வெளியே தெரிகிறது, தன்னுடைய படங்களில் இல்லாத தெளிவு இதில் இருக்கிறது என்று எச்செகராய் சொன்னார். முதல் தடவையாக இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். புகைப்படம் எடுத்தார்கள்.

வால்டெமார் மேடையில் செய்ததை ஒரு படமாகவும் பிடித்து, நாடு முழுவதும் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். நிலையத்துக்கு வரும் புதிய நோயாளிகளை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாய்சாந்தூவிலிருந்து வந்த ஒரு டாக்சி ஓட்டுநருக்கு வலது தோள் எம்பும், மூக்கு சுருங்கும். பதினைந்து வருடமாக அவதி. படத்தில் இருப்பது போல் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் வால்டெமாரை எலுமிச்சை மரத்தடியில் பிடித்துக்கொண்டு, தனக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கக் கேட்டார். சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றார். வால்டெமார் சொல்லிக் கொடுத்தான். முதலில் கண், அப்புறம் தோள், அவசரப்படாமல் தொண்டை. அவருடைய சொந்தச் சொடுக்கு நடுவில் வந்து குழப்பியது. அதை அடக்கிக்கொண்டு இதைச் செய்யப் பழகினார். தேறிவிட்டார். அடுத்த புதன்கிழமை மரத்தடியில் இன்னும் சிலர் நின்றார்கள்.

வால்டெமாருக்கு மட்டும் சான்றிதழ் வரவில்லை. ஆய்வு முடிந்ததும் தருவதாகச் சொன்னார்கள். ஆய்வு மிக நன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் அது முடிவதாக இல்லை.

நவம்பரில் அவன் மகள் அனாயி கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்தாள். எட்டு வயது. முதலில் கண்ணில் தூசி என்று நினைத்தார்கள். பிறகு மூக்கும் சேர்ந்துகொண்டது. கணவனும் மனைவியும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அனாயி வரிசையாகச் சிமிட்டியபோது, நெலிடா வால்டெமாரைப் பார்த்தாள், வால்டெமார் தட்டைப் பார்த்தான். அதோடு இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த மாதமே ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் வந்தது. நெலிடாவுக்குக் கடையில் விடுப்பு இல்லை. புதன்கிழமை அனாயியைக் கூடவே கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. கீழ்மாடி நடையில் ஒரு பெஞ்சில் அவளை உட்கார வைத்து, அசையாமல் இருக்கும்படி வால்டெமார் சொன்னான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

இருலெகி அந்த வழியாக வந்தார். பெஞ்சைத் தாண்டினார். நின்றார். திரும்பி வந்து குழந்தையின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். பிறகு, பல வருடங்களில் முதல் தடவையாக, படிக்கட்டை நோக்கி எச்செகராயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எச்செகராய் படிக்கட்டு வழியாகவே இறங்கி வந்தார். இரும்புக் கதவின் சாவி அவருடைய கழுத்துச் சங்கிலியில்தான் இருந்திருக்கிறது. துருப்பிடித்த பூட்டு கொஞ்சம் மக்கர் செய்தது. பிறகு திறந்துகொண்டது. அவரும் முட்டி போட்டார். நாட்டின் இரண்டு பெரிய அறிஞர்களும் அந்தப் பெஞ்சின் முன்னால் தரையில் இருந்தார்கள்.

"இந்த வயசுல, ஆரம்பத்துலயே ஒரு பிள்ளை கிடைக்கிறது எவ்வளவு அபூர்வம் தெரியுமா உங்களுக்கு?" என்றார் இருலெகி, வால்டெமாரிடம். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "பெத்தவங்க கொஞ்ச நாள் சும்மா பார்த்துட்டு இருந்துடறாங்க. அதுக்குள்ள எத்தனையோ பிள்ளைகளுக்குத் தானாவே சரியாப் போயிடுது. எங்களுக்கு அது பெரிய நஷ்டம்."

வாரம் ஒரு தடவை வந்தால் போதும் என்றார் எச்செகராய். பதினெட்டு வயது வரைக்கும். காலையில் கீழே உட்கார வேண்டும், மதியம் மேலே படுக்க வேண்டும். அப்பாவும் மகளும் ஒரே ஆய்வில் என்றால் உலகமே திரும்பிப் பார்க்கும். வால்டெமாரின் பழைய சான்றிதழ் விஷயம்கூட இழுத்துக்கொண்டே போகிறது அல்லவா, அதை இன்றைக்கே முடித்துவிடலாம். பேனாவை எடுத்துவிட்டார்.

அனாயி சிமிட்டுவதை நிறுத்தியிருந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை அகலமாகத் திறந்து, எதிர்ச் சுவரையே பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியது. அவள் அழவில்லை. அடக்கிக்கொண்டிருந்தாள். அது எப்படி இருக்கும் என்று அந்த நடையில் நின்றவர்களில் ஒருவனுக்குத் தெரியும்.

"அப்பா, இவங்க ஏன் என் கண்ணையே பார்க்கிறாங்க?" என்றாள்.

வால்டெமார் சொன்னான். "எனக்கு வியாதியே இல்லை டாக்டர். இத்தனை நாளும் நடிச்சேன். இவ என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறா, வேற ஒண்ணுமில்ல."

அப்படியானால் நடித்துக் காட்டச் சொன்னார் எச்செகராய். வால்டெமார் நடித்துக் காட்டினான். கண் இரண்டு தரம், தோள், தொண்டை. படத்தில் இருந்ததற்கும் இதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. இருக்கவும் வழியில்லை, படத்தில் இருந்ததும் நடிப்புத்தானே.

எச்செகராய் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். இருலெகியின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. மாநாடு, படம், அதைப் பார்த்துப் படித்த மாணவர்கள், அதை வைத்துப் பட்டம் வாங்கியவர்கள், மரத்தடியில் பழகித் தேறிய நோயாளிகள் என்று எல்லாம் அவர்கள் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். இருவரும் படிக்கட்டில் பாதி ஏறி, திறந்திருந்த இரும்புக் கதவருகே நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். ரொம்ப நேரம் ஆகவில்லை. இரு துறைகளும் இவ்வளவு சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்தது நிலையத்தின் வரலாற்றிலேயே இல்லை என்று வாசல் காவலர் பிற்பாடு சொன்னார்.

திரும்பி வரும்போது இருலெகிக்குச் சிரிப்பு வந்துவிட்டிருந்தது.

"வாழ்த்துகள் பெந்தாங்கோர். நீங்க குணமாயிட்டீங்க," என்றார். "தனக்கு வியாதி இருந்ததுன்னே ஒத்துக்காத அளவுக்குக் குணமாயிருக்கீங்க. இப்படி ஒரு வெற்றியை நாங்களே எதிர்பார்க்கலை."

நிலையத்தின் இரு துறைகளும் இணைந்து அளித்த சிகிச்சையால் நோயாளியின் சொடுக்கு முற்றிலும் நீங்கியது என்று அங்கேயே எழுதி, அங்கேயே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இல்லை என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று வால்டெமார் கேட்டான். எச்செகராய் பெஞ்சைப் பார்த்தார். ஆசையோடுதான் பார்த்தார். ஆனால் அந்தப் பிள்ளையைத் தொட்டால் தகப்பன் மறுபடியும் வாயைத் திறப்பான் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. சேர்த்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும், எலுமிச்சை மரத்தைத் தாண்டுவதற்குள், அனாயி வரிசையாகச் சிமிட்டித் தீர்த்தாள். அவளுக்காக வால்டெமார் அங்கே நின்றான். மரத்தடியில் காத்திருந்தவர்கள் இன்றைக்குப் பயிற்சி உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றான்.

சான்றிதழை போம்போவிடம் கொடுக்கும்போது நானும் அறையில் இருந்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"குணமாயிடுச்சுன்னா முன்னாடி இருந்தது வியாதிதான். அதனால கம்பளிக்காரர் கொடுத்த புகார் தள்ளுபடி. நல்லது," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆனா யோசிச்சுப் பாரு. இதுவரைக்கும் நீ கண்ணைச் சிமிட்டினா வியாதின்னு சொல்ல ஒரு வழி இருந்தது. இப்ப ரெண்டு டாக்டர் சேர்ந்து உனக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாங்க. இனிமே நீ கண்ணடிச்சா அது கண்ணடிக்கிறதுதான். உன்னை எப்படி மேசையில நிறுத்துவேன்? எல்லாம் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வால்டெமார் சரி என்றான். வேறு ஏதாவது சொல்வான் என்று போம்போ எதிர்பார்த்தார். நானும் எதிர்பார்த்தேன். அவன் கோட்டு மாட்டும் இடத்துக்குத் திரும்பிப் போனான்.

டிசம்பரில் கோடை வந்தது. யாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு வரவில்லை. காலிக் கொக்கிகளுக்கு நடுவில் வால்டெமார் தன் நேரம் முழுக்க நின்றான். அந்த மாதம்தான் சொடுக்கு திரும்பி வந்தது. நான் மேசை மாறும்போது அந்தப் பக்கமாகப் போவேன். தோள் எம்புவது தெரியும். 'க்ம்' கேட்கும். வியாதியில்லாதவனின் அசைவு என்பதால் அதைக் குறித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை லா தேஹாவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மதியத்திலேயே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. மழை பிடித்தால் எல்லா வீடுகளிலும் செய்வது போல நெலிடாவும் மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள். வால்டெமார் மாத்தேயை ஊற்றி எனக்குக் கொடுத்தான். அனாயி எதிரில் உட்கார்ந்து சர்க்கரைக் கிண்ணத்தில் விரலை வைத்து நக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொடுக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கும் வந்தது.

"அப்பா, உனக்கு அது வர்றதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

வால்டெமார் மாத்தேக் குவளையைக் கீழே வைத்தான். இந்த வயது வரைக்கும் அவனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலும்.

"சட்டை தோள்ல சரியா உட்காராத மாதிரி இருக்கும்," என்றான். "உனக்கு?"

"கண்ணுக்குள்ள ஒரு மடிப்பு இருக்கிற மாதிரி. சிமிட்டினா நேராயிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடியும் மடிஞ்சுக்கும்."

"ஆமா," என்றான் வால்டெமார். "அப்படித்தான்."

நெலிடா அடுப்புப் பக்கம் திரும்பியபடியே இருந்தாள். எண்ணெய் வடிந்ததும் தட்டைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிடுங்க," என்றாள். "ஆறிப்போனா நல்லாயிருக்காது."

சாப்பிட்டோம்.